'ஃபியர்லெஸ்': 2008 பதிவா, பிளாட்டினமா, 'டெய்லர்ஸ் வெர்ஷனா'?

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் 'ஃபியர்லெஸ்'. செயலியில் தேடினால் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஆல்பங்கள் வந்து நிற்கின்றன: 2008 மூலம், 2009 பிளாட்டினம் பதிப்பு, 2021-இல் அவரே மறுபடி பாடிய 'டெய்லர்ஸ் வெர்ஷன்'. பாட்டுகளின் பெயரும் ஒன்றுதான், எல்லா அட்டையிலும் தலைமுடி பறக்கிறது. "எதிலிருந்து ஆரம்பிப்பது? பழையதைக் கேட்டால் தப்பாமே?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு 2021-இல் ஒரு பதில் இருந்தது. 2025 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பதில் செல்லாது. இனி இது காது எடுக்க வேண்டிய முடிவு என்பதே என் கட்சி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபியர்லெஸ்' 2008 நவம்பர் 11 அன்று நாஷ்வில்லின் பிக் மெஷின் நிறுவனத்திலிருந்து வந்தது. அப்போது ஸ்விஃப்டுக்கு வயது 18. அமெரிக்க ஆல்பங்களின் வாராந்தரப் பட்டியலான பில்போர்ட் 200-இல் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2009-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமும் இதுதான். 2010 ஜனவரியில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' கிராமி விருதைப் பெற்றபோது அவருக்கு 20 வயது. அதுவரை அந்த விருதை அவ்வளவு சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை) வானொலிக்கும் பாப் வானொலிக்கும் இடையில் இருந்த வேலியை 'லவ் ஸ்டோரி' என்ற ஒரே பாட்டு தாண்டியது. கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த அது, பாப் வானொலிப் பட்டியலிலும் முதலிடத்துக்குப் போனது. பாப் நிலையங்களுக்கென்று தனியாக ஒரு மிக்ஸ் செய்து அனுப்பினார்கள். ஆக, 2008-இலேயே 'லவ் ஸ்டோரி' ஒன்றல்ல, இரண்டு. பதிப்புக் குழப்பம் இந்த ஆல்பத்தோடு கூடவே பிறந்தது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். பாடுகிற குரலுக்கு என்ன வயது, அது பாட்டின் பொருளுக்குப் பொருந்துகிறதா என்பது முதலாவது. என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்கே. அடுத்து, கன்ட்ரி எவ்வளவு, பாப் எவ்வளவு. மூன்றாவது, பாட்டுகளின் எண்ணிக்கையும் வரிசையும். நான்காவது, நாம் கேட்பதால் வரும் காசு யாருக்குப் போகிறது. கடைசியாக, விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்.

| | 2008 மூலம் | 2009 பிளாட்டினம் | 2021 டெய்லர்ஸ் வெர்ஷன் |
|---|---|---|---|
| பாட்டுகள் | 13 | 19 | 26 |
| நேரம் (ஏறத்தாழ) | 53 நிமிடம் | 79 நிமிடம் | 1 மணி 46 நிமிடம் |
| பாடியபோது வயது | 18-க்குள் | 19-க்குள் | 30 – 31 |
| முதல் பாட்டு | ஃபியர்லெஸ் | ஜம்ப் தென் ஃபால் | ஃபியர்லெஸ் |
| மாஸ்டர் (பதிவான ஒலி) உரிமை இன்று | ஸ்விஃப்ட் | ஸ்விஃப்ட் | ஸ்விஃப்ட் |

கடைசி வரிசையில் மூன்று கட்டத்திலும் ஒரே பெயர் இருக்கிறது. சில வருடம் முன்பு இந்த அட்டவணையைப் போட்டிருந்தால் அப்படி இருந்திருக்காது. அதனால் அதை முதலில் தீர்த்துவிடலாம்.

## காசு யாருக்கு: தீர்ந்துபோன வழக்கு

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிவுசெய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. இளையராஜா பாடல்களின் உரிமை வழக்குகளைப் பத்திரிகையில் படித்து வந்தவர்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை புதிதல்ல. ஸ்விஃப்ட் தன் பாட்டுகளைத் தானே எழுதியவர் என்பதால் முதல் சொத்தில் அவருக்கு எப்போதும் பங்கு இருந்தது. மாஸ்டர் மட்டும் பிக் மெஷினிடம். 2019 ஜூனில் அந்த நிறுவனத்தை இசை மேலாளர் ஸ்கூட்டர் பிரானின் இத்தாக்கா ஹோல்டிங்ஸ் வாங்கியபோது, மாஸ்டர்களும் சேர்ந்து கைமாறின. 2020-இல் அவை ஷாம்ராக் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போயின.

ஸ்விஃப்ட் செய்தது எளிமையான காரியம். ஆனால் அந்த அளவில் அதற்கு முன் யாரும் துணியவில்லை. பழைய பாட்டுகளை மறுபடி பாடிப் பதிவுசெய்யக் கூடாது என்ற ஒப்பந்தத் தடை 2020 நவம்பரில் விலகத் தொடங்கியது. எழுத்துரிமை தன்னிடம் இருக்கும் தைரியத்தில் முழு ஆல்பத்தையும் புதிதாகப் பாடி, தன் பெயரில் மாஸ்டர் வைத்துக்கொண்டார். அப்படி வந்த முதல் ஆல்பம் 'ஃபியர்லெஸ் (டெய்லர்ஸ் வெர்ஷன்)', 2021 ஏப்ரல் 9. அந்தக் காலத்தில் ரசிகர்கள் பழைய பதிவைத் தொடுவதையே துரோகமாகப் பார்த்தார்கள். அதில் நியாயமும் இருந்தது: பழையதை ஒரு தடவை ஓட்டினால் மாஸ்டர் பங்கு வேறொருவர் கணக்குக்குப் போனது.

2025 மே 30 அன்று, முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களையும் ஷாம்ராக்கிடமிருந்து வாங்கிவிட்டதாக ஸ்விஃப்ட் தன் இணையதளத்தில் கடிதம் எழுதினார். வீடியோக்கள், அட்டை ஓவியங்கள், வெளிவராத பாட்டுகள் எல்லாம் அதில் அடக்கம். அன்றோடு இந்த அளவுகோல் விழுந்துவிட்டது. இன்னும் சிலர் 2021-இன் கோபத்தோடு "பழையதைக் கேட்காதே" என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவரே கேஸை முடித்துவிட்டார், வெளியில் நிற்கிறவர்களுக்கு இன்னும் என்ன வாய்தா?

## 2008 மூலம்

பதின்மூன்று பாட்டு, ஐம்பத்து மூன்று நிமிடம். தயாரிப்பு நாதன் சாப்மன், ஸ்விஃப்ட். ஏழு பாட்டை ஸ்விஃப்ட் தனியாகவே எழுதியிருக்கிறார். 'யூ பிலாங் வித் மீ', 'ஒயிட் ஹார்ஸ்' போன்றவற்றில் பாடலாசிரியர் லிஸ் ரோஸ் கூட்டு.

இந்தப் பதிவின் பலம் அதன் குறைகளில் இருக்கிறது. குரல் மெலிசு. உச்சத்துக்குப் போகும்போது சில இடங்களில் இழுத்துப் பிடித்துத்தான் எட்டுகிறது. உச்சரிப்பில் அமெரிக்கத் தெற்கத்தி இழுவை தூக்கலாக இருக்கும். அவர் பிறந்தது பென்சில்வேனியா. 14 வயதில்தான் குடும்பத்தோடு டென்னஸிக்கு வந்தார். ஆக அந்த இழுவை பிறவிச் சொத்தல்ல, ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டது. எனக்கு அது பிடிக்கும். கன்ட்ரிப் பாடகி ஆகியே தீர வேண்டும் என்ற துடிப்பு அதில் கேட்கிறது.

'ஃபிஃப்டீன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம், முதல் காதல், அதை உலகமே என்று நம்புவது, பிறகு ஏமாறுவது. 18 வயதுப் பெண் மூன்று வருடம் முந்தைய தன்னைப் பார்த்து "நீ இதைவிடப் பெரிய காரியம் செய்வாய்" என்கிற தொனியில் பாடுகிறாள். காயம் இன்னும் ஆறவில்லை, ஆனால் பெரிய மனுஷி போலப் பேசுகிறாள். அந்தப் பொருந்தாமைதான் பாட்டின் உயிர். வேறெந்தப் பதிவிலும் அது கிடைக்காது.

'ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்' இன்னும் வெளிப்படை. ஆல்பம் முடியும் கட்டத்தில் கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு இது. ஒரு பையன் 27 விநாடி தொலைபேசியில் பேசி உறவை முறித்துவிட்டான் என்று அவரே அப்போது தொலைக்காட்சியில் சொன்னார். பாட்டின் கடைசிப் பகுதியில் குரல் கிட்டத்தட்டக் கத்தலாகிறது. ஆறப்போட்டிருந்தால் அப்படி வந்திருக்காது.

மறைமுகச் செலவு என்றால் ஒலி. அந்தக் கால நாஷ்வில் மிக்ஸுக்கே உரிய வகையில் எல்லாமே சத்தமாக, முன்னால் வந்து நிற்கிறது. 'சேஞ்ச்' மாதிரிப் பாட்டில் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒரே சுவராகிவிடும். நல்ல ஹெட்ஃபோனில் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் காது களைக்கிறது. காரிலோ சமையலறை ஸ்பீக்கரிலோ இந்தக் குறை தெரிவதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே 2009-இல் விற்ற பதிப்பில், முதல் ஆல்பத்திலிருந்து 'அவர் சாங்' உட்பட மூன்று பாட்டை ஒட்டவைத்திருந்தார்கள். பழைய சிடி கைக்கு வந்தால் பின்னட்டையைப் பாருங்கள். பதினாறு பாட்டு இருந்தால் அது அந்தப் பதிப்பு. போலி என்று பயப்பட வேண்டாம்.

எப்போது இது சரி: முதல்முறை கேட்பவருக்கு, கன்ட்ரி பிடித்தவருக்கு, 'இந்தப் பெண் எப்படி இவ்வளவு பெரிய ஆளானாள்' என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு.

## 2009 பிளாட்டினம் பதிப்பு

2009 அக்டோபரில் வந்தது. அதே பதின்மூன்றோடு ஆறு பாட்டு கூடுதல். இந்த ஆறையும் கடைசியில் வைத்திருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். தலையிலேயே வைத்துவிட்டார்கள். ஆல்பத்தின் பெயர்ப்பாட்டு ஏழாவதாக வருகிறது. 'ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்' பாட்டின் சோகமான பியானோ வடிவம் மூன்றாவதாகவே வந்துவிடுகிறது; கோபமான மூலப்பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதன் அழுகையைக் கேட்டாயிற்று. பந்தியில் இலை போட்டதும் பாயசத்தை ஊற்றிய கதை.

பாட்டுகள் மோசமில்லை. 'ஜம்ப் தென் ஃபால்' பேஞ்சோவோடு துள்ளுகிறது. 'தி அதர் சைடு ஆஃப் தி டோர்' மூல ஆல்பத்திலேயே இடம் பெற்றிருக்க வேண்டியது. 'அன்டச்சபிள்' லூனா ஹேலோ என்ற ராக் குழுவின் பாட்டை உருமாற்றியது.

2021-க்குப் பிறகு இந்தப் பதிப்புக்கு ஒரே ஒரு நியாயம்தான் மிச்சம்: அந்த ஆறு பாட்டையும் இளம் குரலில் கேட்க வேறு வழியில்லை. செயலியில் கேட்பவர்கள் ஏழாவது பாட்டில் தொடங்கி, முடிந்ததும் மேலே திரும்பி முதல் ஆறையும் கேட்டால் வரிசைக் கோளாறு சரியாகிவிடும். சிடியாக வாங்குவது சேகரிப்பவர்களுக்கு மட்டும்.

## 2021 'டெய்லர்ஸ் வெர்ஷன்'

பிளாட்டினத்தின் 19 பாட்டும், 2010-இல் ஒரு திரைப்படத்துக்காக வந்த 'டுடே வாஸ் எ ஃபேரிடேலும்', அந்தக் காலத்தில் எழுதி வெளியிடாமல் பெட்டியில் வைத்திருந்த ஆறும் சேர்ந்து 26. பழைய பாட்டுகளில் ஸ்விஃப்டோடு கிறிஸ்டோபர் ரோ தயாரிப்பாளர். பெட்டிப் பாட்டுகளில், அவருடைய பின்னாளைய ஆல்பங்களின் தயாரிப்பாளர்களான ஆரன் டெஸ்னர், ஜாக் ஆன்டனாஃப். 'ப்ரீத்' பாட்டுக்கு, மூலத்தில் கூடப் பாடிய கோல்பி காலேயே திரும்பி வந்து பாடியிருக்கிறார். வரிசைக் கோளாறும் இங்கே தீர்ந்தது: முதலில் மூல ஆல்பத்தின் பதின்மூன்று, பிறகு கூடுதல், கடைசியில் பெட்டிப் பாட்டுகள்.

இதை 'ரீமிக்ஸ்' என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இசை ஏற்பாடு அப்படியே இருக்கிறது. 'லவ் ஸ்டோரி' அதே டி மேஜரில் தொடங்கி, கடைசியில் கல்யாணப் பேச்சு வரும்போது அதே ஈ மேஜருக்கு ஏறுகிறது. கிட்டார் பழகுகிறவர்கள் இரண்டாவது கட்டையில் கேப்போ போட்டு சி வடிவத்தில் வாசித்தால் இரண்டு பதிவோடும் ஒத்துப்போகும். 'ஹே ஸ்டீஃபன்' பாட்டில், மற்றப் பெண்கள் அழகாக இருக்கலாம், உனக்காகப் பாட்டு எழுதுவார்களா என்று கேட்கும் இடத்தில் பழைய பதிவில் ஒரு சின்னச் சிரிப்பு தெறிக்கும். புதியதிலும் அதே இடத்தில் சிரிக்கிறார். அந்த அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

மாறியது குரல். கனம் கூடியிருக்கிறது, சுருதி ஆட்டமில்லை, தெற்கத்தி இழுவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பேஞ்சோவும் ஃபிடிலும் இருந்தும் மொத்தத்தில் பாப் பக்கம் ஒரு அடி சாய்ந்தது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம். வாத்தியங்கள் கன்ட்ரியிலேயே நிற்க, உச்சரிப்பு மட்டும் ஊர் மாறிவிட்டது. ஒலி தெளிவு. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே நிற்கிறது.

இந்தக் குரல் சில பாட்டுக்கு வாய்ப்பு, சிலதுக்கு நட்டம். 'ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்' நட்டக் கணக்கில் வரும். 31 வயதில் அந்தக் கத்தலைத் திருத்தமாகப் பாட முடிகிறது, அதுவே பிரச்சினை. 'ஃபிஃப்டீன்' வேறு பாட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஒரு அக்கா பாடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பொருந்தாமை போய்விட்டது. 'தி பெஸ்ட் டே' நேர்மாறு. அம்மாவுக்காக எழுதிய பாட்டு. இடையில் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததை ஸ்விஃப்டே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அது தெரிந்து 2021 பதிவைக் கேட்டால், பழைய பதிவு குழந்தை வரைந்த படமாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'சேஞ்ச்'. நாஷ்வில்லிலேயே மிகச் சிறிய நிறுவனத்தின் பாடகியாக, பெரியவர்களை ஒருநாள் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் எழுதியது. அந்தச் சிறிய நிறுவனம் பிக் மெஷின். அதே நிறுவனத்தை விட்டு விலகி, அங்கே தங்கிப்போன மாஸ்டருக்கு மாற்றாக அதே பாட்டை மறுபடி பாடுகிறார். ஒரு எழுத்தும் மாறவில்லை, எதிராளி மாறிவிட்டார்.

பெட்டிப் பாட்டுகளில் 'மிஸ்டர் பர்ஃபெக்ட்லி ஃபைன்' மட்டும் 2008-இலேயே வெளிவந்திருந்தால் பெரிய ஹிட் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. 'யூ ஆல் ஓவர் மீ'யில் மேரன் மாரிஸும் 'தட்ஸ் வென்'னில் கீத் அர்பனும், இருவரும் கன்ட்ரிப் பாடகர்கள், வருகிறார்கள். ஆனால் டெஸ்னர், ஆன்டனாஃப் கைவரிசை தெளிவாகத் தெரிகிறது. இவை அந்தக் காலத்தில் எழுதி 2021-இல் உடுத்தியவை. அந்தக் கால ஸ்விஃப்டைத் தேடுகிறவருக்கு உதவாது.

மறைமுகச் செலவு நேரம்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பது சுலபமல்ல. பதின்மூன்று பாட்டில் முடிந்த ஆல்பத்துக்கு ஒரு வடிவம் இருந்தது: 'ஃபியர்லெஸ்' என்று மழையில் நடனமாடித் தொடங்கி 'சேஞ்ச்' என்று கொடி பிடித்து முடியும். இங்கே அந்த முடிவு வந்த பிறகும் இன்னொரு பதின்மூன்று காத்திருக்கிறது. வினைல் வாங்குபவர்களுக்கு இது மூன்று தட்டு. பெட்டியும் கனம், இறக்குமதி விலையும் அதற்கேற்ப. நடுவில் ஐந்து தடவை எழுந்துபோய்த் தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும்.

எப்போது இது சரி: பின்னாளைய ஸ்விஃப்டைக் கேட்டுவிட்டுப் பின்னோக்கி வருபவருக்கு, அவர்களுக்கு 2008 குரல் சற்று அன்னியமாகப் படலாம். நல்ல ஹெட்ஃபோன், நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு. எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பவருக்கு. ரசிகைக்குப் பரிசு வாங்குபவர்களுக்கும் இதுதான் பாதுகாப்பு. ஆல்பத்தோடு வந்த வரலாறும் சேர்ந்து போகிறது. மறுபதிவு ஒன்று பில்போர்ட் 200-இல் முதலிடம் பிடித்தது இதுவே முதல் தடவை. 'லவ் ஸ்டோரி' மறுபதிவும் 2021-இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. மூலம், மறுபதிவு இரண்டையும் அந்த இடத்தில் வைத்த இன்னொருவர் கன்ட்ரிப் பாடகி டாலி பார்ட்டன் மட்டுமே.

## மற்ற ஆல்பங்களுக்கும் இதே கணக்கா?

ஓரளவுக்கு. 'ரெட்' ஆல்பத்தில் நான் யோசிக்காமல் 2021 பதிவைச் சொல்வேன். 'ஆல் டூ வெல்' பாட்டின் பத்து நிமிட வடிவம் அதில்தான் இருக்கிறது. 'ஸ்பீக் நௌ' வேறு கதை: 2023 மறுபதிவில் 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்' பாட்டின் ஒரு வரியை மாற்றிவிட்டார், மூல வரி வேண்டுமானால் 2010-க்குத்தான் போக வேண்டும். 'ரெப்யூட்டேஷனில்' இந்தத் தலைவலியே இல்லை. அதில் கால்பங்கு கூட மறுபடி பாடவில்லை என்று 2025 கடிதத்திலேயே சொல்லிவிட்டார். கையில் இருப்பது 2017 பதிவு ஒன்றுதான்.